அம்பாசிடருக்கு ஒரு ஆபரேஷன்!

செமஸ்டர் லீவுக்கு நீங்க எங்கே போனீங்க? கொடைக்கானல்? கோவா? குறைந்தபட்சம் குற்றாலம்? நான் பதினேழு நாள் ஒரு காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு போகவில்லை. ஹாஸ்டல் மெஸ்ஸில் கையை நீட்டினால் பக்கத்தில் உட்கார ஆள் யோசிக்கிறான்!

கார், 1996 மாடல் அம்பாசிடர் நோவா டீசல். நிற்கும் இடம், நாமக்கல் பக்கம் எங்கள் அப்புச்சி வீட்டு மாட்டுக் கொட்டகை. அப்புச்சிக்கு எழுபத்து நாலு வயசு. ஒரு டாக்டர் வீட்டில் டிரைவராக இருந்தவர். டாக்டர் புது கார் வாங்கியபோது, 2009-ல், இதை அப்புச்சி பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் ஊரில் யாருக்கு என்ன அவசரம் என்றாலும் இந்த வண்டிதான். 2021 நவம்பரில் ஒரு நாள் நின்றது. நின்றது நின்றதுதான்.

மாமாவுக்குக் கொட்டகை வேண்டும். அங்கே ஒரு ரூம் கட்டப் போகிறார். காயலான் கடைக்காரர் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முப்பத்திரண்டாயிரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆர்.சி. வேறு 2026 ஜூனோடு முடிகிறது. பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டியதற்கு 10,000 என்றாக்கிவிட்டார்கள். ஓடாத வண்டிக்குப் பத்தாயிரமா என்று மாமா கேட்டதில் தப்பே இல்லை.

அப்புச்சி ஒன்றும் சொல்லவில்லை. தினமும் காலையில் காரைத் துடைத்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

‘‘பொங்கல் வரைக்கும் டைம் கொடுங்க மாமா. நான் ஓட வெச்சுக் காட்டறேன்’’ என்று சொன்னது நான்தான். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் என்ற திமிர்! டீசல் சைக்கிளின் பி.வி. டயகிராமைத் தூக்கத்தில்கூட வரைவேன். ஆனால் அதுவரை என் கையால் ஒரு இன்ஜினில் ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை. எங்கள் லேபில் இருக்கும் இன்ஜினைத் தொட்டால் ஃபைன் போடுவார்கள்.

முதலில் இந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். இது இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியின் ‘பி சீரிஸ்’ குடும்பம். 1489 சிசி, நாலு சிலிண்டர், 37 குதிரை சக்தி. சிரிக்காதீர்கள்! இன்றைக்கு 390 சிசி பைக்கே நாற்பது குதிரையைத் தாண்டிவிடுகிறது, உண்மைதான். ஆனால் அந்த பைக்கில் ஏழு பேரையும் ரெண்டு மூட்டை வேர்க்கடலையையும் ஏற்ற முடியாதே! எண்பதுகளில் டீசல் அம்பாசிடர் வந்த பிறகு டாக்ஸி ஸ்டாண்டுகளை ஆண்டது இந்த இன்ஜின்தான். 2014 மே மாதம் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுபோனது. 2017-ல் அந்தப் பெயரைக்கூட எண்பது கோடிக்கு பெஷோ கம்பெனி வாங்கிவிட்டது. ஆனால் இன்ஜின் சாகவில்லை. இங்கிலாந்தில் கால்வாய்ப் படகுகளில் இதே 1.5 டீசலை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் புண்ணியத்தில் பேக்கிங், மேனுவல் எல்லாம் இன்றும் கிடைக்கிறது. நம் பக்கம் சென்னை புதுப்பேட்டை, அது இல்லையென்றால் கொல்கத்தா மல்லிக் பஜார்.

சரி, வண்டிக்கு என்ன நோய்? செல்ஃப் அடித்தால் சுற்றும், பிடிக்காது. நாலு பேர் தள்ளினால் பிடிக்கும். பிடித்ததும் உடம்பெல்லாம் உதறிக்கொண்டு வெள்ளைப் புகையாகக் கக்கும். ஒரு நிமிஷத்தில் ஆஃப்.

டீசல் வண்டியில் புகைதான் நாடி. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று கம்மி. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமலே ஆவியாக வெளியே வருகிறது (ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போனாலும் வெள்ளைதான் வரும்). இதை எந்த புத்தகத்திலும் படித்துவிடலாம். ஆனால் ஏன் எரியவில்லை என்பதில்தான் ஆளுக்கு ஒரு கருத்து. ஏற்கெனவே வண்டியைப் பார்த்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் ‘பம்ப் போச்சு, இருபத்தெட்டாயிரம் ஆகும்’ என்று சொல்லியிருந்தார்கள். டீக்கடையில் ஒருவர், ‘இந்த இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு வேற இன்ஜினை எறக்குங்க’ என்றார். மாமா சொன்னதுதான் உங்களுக்கே தெரியுமே!

எனக்கு வழி காட்டியது நாமக்கல்லில் லாரிகளுக்குப் பம்ப் சர்வீஸ் பண்ணும் ஒரு அண்ணன். லாரிக்குப் பேர் போன ஊராச்சே, டீசல் டாக்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘‘கம்ப்ரஷன் பார்த்தீங்களா தம்பி?’’

இல்லை. யாருமே பார்க்கவில்லை!

பெட்ரோல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசலுக்கு அது கிடையாது. காற்றை நசுக்கி நசுக்கியே சூடாக்க வேண்டும், அந்தச் சூட்டில் டீசல் பற்ற வேண்டும். இந்த இன்ஜினில் காற்றை 23-ல் ஒரு பங்காக நசுக்குகிறார்கள். அந்த அழுத்தம் எங்காவது கசிந்தால் சூடு வராது. சூடு வராவிட்டால் பம்ப் எத்தனை அருமையாக டீசலை அடித்தாலும் வெள்ளைப் புகைதான். பம்ப் அண்ணன் தன் கேஜைக் கொடுத்தனுப்பினார். இது டீசலுக்கென்றே உள்ள கேஜ். பெட்ரோல் வண்டிக்குப் பயன்படுத்துவதை இதில் மாட்டினால் முள் பிய்த்துக்கொள்ளும், ஜாக்கிரதை.

இன்ஜெக்டர் நாலையும் கழற்றி, டீசல் வராதபடி பம்பின் ஸ்டாப் லீவரைக் கட்டி வைத்துவிட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் கேஜை மாட்டி செல்ஃப் அடித்தோம். ‘தோம்’ என்றால் நானும், லீவுக்கு என்னோடு வந்து மாட்டிக்கொண்ட என் ரூம்மேட்டும். பேட்டரி ஃபுல் சார்ஜில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கே தப்பாகிவிடும். முதல் சிலிண்டர் 390 பி.எஸ்.ஐ. இரண்டாவது 180. மூன்றாவது 170. நாலாவது 400.

இந்த நாலு நம்பரைப் பாருங்கள். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? ரிங் தேய்ந்திருந்தால் நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மட்டும் சேர்ந்து விழுந்திருக்கிறது என்றால், அந்த இரண்டுக்கும் நடுவில் ஹெட் பேக்கிங் புட்டுக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். இரண்டாவதில் அமுக்குகிற காற்று மூன்றாவதுக்குள் ஓடுகிறது! சந்தேகம் தீர அந்த இரண்டு சிலிண்டரிலும் துளி ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். ரிங் பிரச்னை என்றால் ஆயில் அடைத்துக்கொண்டு நம்பர் ஏறும். ஏறவில்லை. (ஆயில் துளிதான் விட வேண்டும். டீசலில் இடம் ரொம்பச் சின்னது. நிறைய ஊற்றினால் நசுங்க இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.)

இருபத்தெட்டாயிரம் ரூபாய் பம்ப் மேல் பழி. குற்றவாளியோ ஒரு தகடு பேக்கிங்!

ஹெட்டைக் கழற்ற மூன்று நாள் ஆனது. படிக்க ஒரு வரி, செய்ய மூன்று நாள். துருப்பிடித்த நட்டுகளுக்கு டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊற வைத்தோம். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். எட்டு புஷ் ராடுகளையும் ஒரு கல்யாண ஸ்வீட் பாக்ஸ் அட்டையில் ஓட்டை போட்டு, நம்பர் எழுதிச் செருகி வைத்தேன். எது எங்கே இருந்ததோ அது அங்கேயே திரும்பப் போக வேண்டும். முப்பது வருஷமாக ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகிய ஜோடிகள் அவை. துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை வாங்கிவிடுங்கள். அம்மாவின் பழைய சேலை பத்தாது, திட்டும் கிடைக்கும்.

வார்ப்பிரும்பு ஹெட். நானும் ரூம்மேட்டும் சேர்ந்து தூக்கியும் மூச்சு வாங்கியது. திருப்பிப் போட்டால், சரியாக இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பேக்கிங் கருகிப் பிளந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, யூனிவர்சிட்டி ரிசல்ட்டில்கூட வந்ததில்லை.

ஆனால் பேக்கிங் தானாகப் போகாது பாஸ். எதனால் போனது என்று பார்க்காமல் புதுசு போட்டால் அதுவும் போகும். நேர் மட்டப் பட்டையை ஹெட் மேல் வைத்து அடியில் ஃபில்லர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். நடுவில் கால் மில்லிமீட்டர் தகடு தாராளமாகப் போனது. ஹெட் வளைந்திருக்கிறது. வார்ப்பிரும்பு சும்மா வளையாது, பயங்கரமாகச் சூடாகியிருக்க வேண்டும்.

‘‘அப்புச்சி, வண்டி எப்பவாச்சும் ஓவர் ஹீட் ஆச்சா?’’

அப்புச்சி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தடவி முடிக்கும் வரை பேசவில்லை.

‘‘ஆச்சு சாமி. கடைசி நாள்ல.’’

2021 நவம்பர், நல்ல மழை. நாலு வீடு தள்ளி இருக்கும் பெண்ணுக்கு நடு ராத்திரியில் வலி எடுத்திருக்கிறது. இவர்தான் வண்டியை எடுத்திருக்கிறார். பாதி வழியில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. முள் சிவப்புக்கு மேல் நிற்கிறது. இன்னும் மூணு கிலோமீட்டர் இருக்கிறது.

‘‘நிறுத்தோணும்னு தெரியும் கண்ணு. முப்பது வருசம் வண்டி ஓட்டினவன் நானு. பின்னாடி அந்தப் புள்ள கத்துது. நான் என்னத்தப் பண்றது... முள்ளப் பாக்காம ஓட்டிப்போட்டேன்.’’

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றிருக்கிறது. அப்புறம் கயிறு கட்டி இழுத்துத்தான் வீட்டுக்கு வந்தது. நாலு வருஷமாக இதை அவர் ஒர்க்‌ஷாப்காரர் உட்பட யாரிடமும் சொல்லவில்லை. ‘டிரைவரே வண்டியக் கெடுத்துட்டான்னு ஆயிருமல்லோ’ என்றார். அந்தக் குழந்தை இப்போது அங்கன்வாடிக்குப் போகிறது. நாங்கள் ஸ்பேனரோடு படுத்துக் கிடக்கும்போது, கழற்றி வைத்த நட்டுகளை எண்ணிக்கொண்டு கொட்டகை வாசலில்தான் உட்கார்ந்திருக்கும். அதற்கு ஒன்றிலிருந்து பத்து வரை நன்றாக வரும், ஏழைத் தவிர.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் சர்ஃபேஸ் கிரைண்டிங் பண்ணி, வால்வ் சீட்டும் வெட்டினோம். டீசல் ஹெட்டை இஷ்டத்துக்கு வழிக்கக் கூடாது. அதிகம் வழித்தால் வால்வ் கீழே இறங்கி பிஸ்டனில் இடிக்கும். அதனால் வழித்த அளவுக்கு சீட்டையும் உள்ளே தள்ளிக்கொள்கிறார்கள். வால்வை உட்கார வைக்கும் வேலையை மட்டும் நானே கிரைண்டிங் பேஸ்ட் தடவி, உள்ளங்கையில் குச்சியை உருட்டி உருட்டிச் செய்தேன். முடிந்ததும் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். அடியில் ஈரம் கசியக் கூடாது.

இன்ஜெக்டர்களை பம்ப் அண்ணன் டெஸ்டரில் மாட்டிக் காட்டினார். நல்ல நாசில் பனி மாதிரி அடிக்கிறது, கெட்டது குழாய் மாதிரி ஊற்றுகிறது. நாலில் இரண்டு ஊற்றின. பம்ப்பைத் தொடவே விடவில்லை அவர். ‘‘நல்லா இருக்கறத ஏன் கழட்டறீங்க? கழட்டினா டைமிங் போயிரும். நம்ம வேலை எது, மிஷின் வேலை எதுன்னு தெரியணும் தம்பி.’’ ஒரு விஷயம், டெஸ்டரில் நாசில் அடிக்கும்போது விரலைக் குறுக்கே நீட்டிவிடாதீர்கள். நூறு பாருக்கு மேல் அழுத்தம். தோலைக் கிழித்துக்கொண்டு டீசல் ரத்தத்தில் ஏறும். சின்னப் புள்ளி மாதிரிதான் காயம் தெரியும், விரலையே எடுக்கவேண்டி வரலாம். அதே மாதிரி, வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே படுக்காதீர்கள். ஸ்டாண்டு இல்லையா, படுக்காதீர்கள். அவ்வளவுதான்.

ஹீட்டர் பிளக் நாலையும் மல்டிமீட்டரில் பார்த்தால் இரண்டு செத்துப்போயிருந்தன. புதுசு போட்டோம். ஹெட் நட்டுகளை இந்த முறை நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையில், டார்க் ரென்ச்சில் இறுக்கினோம்.

டாப்பெட் செட்டிங்கில்தான் என் மானம் போனது. எந்த வால்வ் எப்போது முழுசாக மூடியிருக்கும் என்று ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 எழுதி, கேம் டயகிராம் வரைந்து, நோட்டில் ஒரு பக்கம் போய்விட்டேன். அஞ்சாங்கிளாஸ் படித்த அப்புச்சி எட்டிப் பார்த்தார்.

‘‘என்ன கண்ணு பரீச்சையா? ஒம்பதுல கழி.’’

‘‘என்னது?’’

‘‘எட்டாவது வால்வ் முழுசா அமுங்கியிருந்தா ஒண்ணாவதச் செட் பண்ணு. ஏழு அமுங்கியிருந்தா ரெண்டு. கூட்டினா ஒம்பது வரோணும். அவ்வளவுதேன்.’’

நோட்டை மூடிவிட்டேன். என் டயகிராமும் அதைத்தான் சொன்னது, ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு!

அடுத்தது ஏர் எடுப்பது. பைப்பைக் கழற்றினாலே டீசல் லைனில் காற்றுப் புகுந்துவிடும். குமிழி ஒன்று இருந்தாலும் இன்ஜின் பிடிக்காது. ஃபில்டர் ஸ்க்ரூ, அப்புறம் பம்ப் ஸ்க்ரூ, கடைசியில் இன்ஜெக்டர் நட்டு என்ற வரிசையில் தளர்த்தி, ஃபீட் பம்பின் சின்ன லீவரைக் கையால் அடிக்க வேண்டும். நான் அடிக்கிறேன், லீவர் தொளதொளவென்று ஆடுகிறது, டீசல் வரவே இல்லை. அரை மணி நேரம்! புது ஃபீட் பம்ப் வாங்கக் கிளம்பிவிட்டேன். கேம் மேலே ஏறி நிற்கிற இடத்தில் இன்ஜின் நின்றிருந்தால் லீவருக்கு வேலையே இருக்காதாம். இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டதும் புசுபுசுவென்று நுரையோடு டீசல் வந்தது. இதையும் சொன்னது அப்புச்சிதான். அதுவும் நான் செருப்பு மாட்டிய பிறகு.

பொங்கலுக்கு ஆறு நாள் முன்னால், சாயங்காலம். மாமாவும் வந்து நின்றார். ஹீட்டரை நிறைய நேரம் போட்டு, செல்ஃப் அடித்தேன். நாலாவது அடியில் ‘டக்... டக்... டகடகடக’!

கத்தினோம். கத்தி முடிப்பதற்குள் வாசனை. இன்ஜின் ஓடுகிறது, ஆனால் கூடவே ‘புஸ் புஸ் புஸ்’. மூன்றாவது இன்ஜெக்டரைச் சுற்றிச் சூடான புகை பீய்ச்சுகிறது. நிறுத்தலாம் என்று டேஷ்போர்டில் ஸ்டாப் நாப்பை இழுத்தால், அது கேபிளோடு கையில் வந்துவிட்டது! டீசலில் சாவியைத் திருப்பினால் நிற்காது, அதற்குத்தான் ஸ்பார்க்கே கிடையாதே. இன்ஜின் பாட்டுக்கு ஓடுகிறது. நான் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அப்புச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, பம்பின் பக்கத்தில் கையை விட்டு லீவரை ஒரு தள்ளுத் தள்ளினார். நின்றது.

‘புஸ்’ஸுக்குக் காரணம் நான்தான். இன்ஜெக்டருக்கு அடியில் தாமிர வாஷர் இருக்கும். அது ஒரு முறை நசுங்கினால் முடிந்தது, புதுசு போட வேண்டும். எண்பது ரூபாய் மிச்சம் பிடிக்கலாம் என்று பழசையே துடைத்துப் போட்டிருந்தேன். மறுபடி கழற்றி, வாஷர் வாங்கி, மாட்டி, ஏர் எடுத்து... இன்னொரு நாள் போனது. சூடேறி ஆறிய பிறகு ஹெட் நட்டை இன்னொரு தடவை இறுக்கி டாப்பெட்டும் பார்க்க வேண்டும். அதையும் சேர்த்தால் ஒன்றரை நாள்.

செலவு கேட்பீர்களே! பேக்கிங் செட், லேத் வேலை, இரண்டு நாசில், ஹீட்டர் பிளக், ஹோஸ், ஆயில், ஃபில்டர், பேட்டரி எல்லாம் சேர்த்து பத்தொன்பதாயிரத்துச் சில்லறை. இதில் பேட்டரிதான் பெரிய செலவு. ஸ்பேனர் செட் கடன். உழைப்பு இலவசம். ரூம்மேட்டுக்கு ஒரு மாசம் பரோட்டா.

பொங்கல் முடிந்து புகை டெஸ்ட்டுக்குக் கொண்டுபோனோம். இந்த மாதிரிப் பழைய டீசலுக்கு வரம்பு 2.45, எங்களுக்கு வந்தது 1.9. பேப்பரை அப்புச்சி வாங்கித் தூரத்தில் வைத்துப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாமா ரூமை வடக்குப் பக்கம் தள்ளிக் கட்டலாமா என்று கொத்தனாரிடம் கேட்டிருக்கிறார். இன்னும் முடிவாகவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டுவதற்குள் பிரேக் வேலை பாக்கி, ஹார்ன் வேலை பாக்கி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் லிவரில் புஷ் தேய்ந்து மூணாவது கியர் தேடித்தான் விழுகிறது. கிளட்ச் பக்கம் ராத்திரிக்கு ஒரு கரண்டி ஆயில் சொட்டுகிறது, அடியில் ஒரு பழைய தாம்பாளத்தை வைத்திருக்கிறோம்.

போன ஞாயிறு போனில் அப்புச்சியிடம் பேசினேன். ஹோஸ் பைப் இன்னொன்று வாங்கி டிக்கியில் போட்டிருக்கிறாராம். ரெண்டு கேன் தண்ணீரும்.